ஒன்றாம் எண் ரசீது

சின்னவள் எதையும் மல்லுக்கட்டித்தான் வாங்கினாள். முதலில் ஏணி. மேல்தட்டுப் புத்தகங்களைப் பெண்பிள்ளை ஏணியேறி எடுப்பது நன்றாக இருக்காது என்று நூலகக் கமிட்டி ஏணியைக் காவலாளி அறையில் பூட்டி வைத்திருந்தது. ஏழு மாதம் முக்காலி மேல் முக்காலி போட்டு ஏறினாள். ஒரு நாள் விழுந்து வலது முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு மறுநாள் காலை வேலைக்குப் போய் நின்றதும் ஏணி தானாக வெளியே வந்தது. அப்புறம் வாசல் சாவி. அப்புறம் முதுகு சாய்கிற நாற்காலி. அதற்குப் பதினொரு வருஷம் ஆயிற்று. பழைய காகிதங்கள் வைக்க, மழையில் ஒழுகாத ஒரே ஒரு சுவர். ஊர்த் தலைவர் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப்போன பாலத்து வரைபடம்; அதற்காக மூன்று மாலை அவர் வாசலில் உட்கார்ந்தாள், நான்காம் மாலை அவரே சுருட்டிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, ஏழு பெரிய மனிதர்களை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்து இந்த ஊருக்கு ஒரு வரலாற்றுச் சங்கம்.

இவ்வளவும் வாங்கியவள் ஒன்றை மட்டும் வாங்காமல் போய்விட்டாள். அது தெரியவந்தது அவள் இறந்த மூன்றாவது மாதம், ஒரு வியாழக்கிழமை.

அன்றைக்குக் கடைத்தெருக் கோடியில் இருந்த தையல் கடையில் பெரியவள் ஒரு கால்சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளைவிட நான்கு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா இறந்தபோது வீட்டில் ஒரு தையல் மெஷினும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஒருத்தி மிதித்தால் ஒருத்தி படிக்கலாம் என்ற நிலைமை. பெரியவளுக்குக் கால் எட்டியது, அதனால் அவள் மிதித்தாள். இதை அவள் தியாகம் என்று யாரிடமும் சொன்னதில்லை. கால் எட்டியது என்றுதான் சொல்லுவாள்.

தங்கை போன பிறகு பெரியவளுக்கு அழுகை வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் முறைபோட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வரவில்லை. சிலர் ஏமாற்றத்தோடு எழுந்து போனார்கள். அவளுக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை. காலையில் கடை திறந்தாள், மாலையில் மூடினாள். தேநீரைக் குடித்துவிட்டு, குடித்தோமா என்று டம்ளரை எட்டிப் பார்த்தாள். தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தாள். உடம்பு முழுக்க, மரத்துப்போன கால் போல இருந்தது; எழுந்து நின்றால் நிற்கும், ஆனால் தன்னுடையது என்று தெரியாது.

அந்த வியாழக்கிழமை கடைக்கு வந்தவர் சங்கத்தின் செயலாளர். நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் ஊரில் சர்வேயர் என்றே பெயர். வந்தவர் உட்காரவில்லை. அவர் சட்டையில் இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்குவதைப் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது, வாசல் சுவரில் நிறுவியவர்கள் பெயர் வெட்டிய கல் ஒன்று வைக்கப் போகிறோம் என்று ஆரம்பித்தார். கல் வந்துவிட்டது, திங்கட்கிழமை வெட்டுகிறவர் வருகிறார் என்றார்.

“எத்தனை பேரு?”

“ஏழு, அக்கா.”

“அவ பேரு?”

சர்வேயர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “முதல் கூட்டத்துத் தீர்மானப் புத்தகத்துல ஏழு கையெழுத்துதான் இருக்கு. எழுதினது பூரா அவங்க எழுத்து. ஆனா கீழே அவங்க கையெழுத்து இல்ல. தேதியும் கையெழுத்தும் இல்லாத எதையும் சங்கம் எழுதக்கூடாதுன்னு விதி போட்டதே அவங்கதான். உங்களுக்குத் தெரியாததா?”

பெரியவளுக்குத் தெரியும். இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தாத்தாதான் பாலம் கட்டினார், எங்கள் கொள்ளுத்தாத்தா வெள்ளத்தில் நூறு பேரைக் காப்பாற்றினார் என்று யார் போய் நின்றாலும் சின்னவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “காகிதம் இருக்கா?” என்று கேட்பாள். இல்லை என்றால் அந்தத் தாத்தா அன்றோடு சரி. ஊர் அவளுக்குக் காகிதக்காரி என்று பெயர் வைத்தது. அவள் கல்யாணம் வேண்டாம் என்றபோது, மாப்பிள்ளையிடமும் காகிதம் கேட்டிருப்பாள் என்று கடைத்தெரு சிரித்தது. சின்னவளும் கூடச் சிரித்தாள். கேட்டது உண்மைதான் என்றாள்.

சர்வேயர் மேலும் சொன்னார். அவர் சும்மா வரவில்லை, இரண்டு வாரமாகத் தேடிவிட்டுத்தான் வந்திருந்தார். கடிதக் கட்டுகளைப் பார்த்தாராம், வருகைப் பதிவேட்டைப் பார்த்தாராம். பழைய காகிதம் கொடுத்தவர்களுக்குச் சின்னவள் எழுதிக் கொடுத்த ரசீதுகளின், புத்தகத்திலேயே தங்கிய அடிக்கட்டைகளைக்கூட ஒவ்வொன்றாகப் புரட்டினாராம். முதல் ரசீதுப் புத்தகமே இரண்டாம் எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, அதுவும் சங்கம் தொடங்கிய மறுவாரத் தேதி; ஒன்றாம் எண் எழுதும்போது கெட்டுப்போய்க் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்றார்.

“சங்கக் கமிட்டியில பேசினோம். ஏழு பேருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்துல, ‘உதவி’ன்னு போட்டு அவங்க பேரைப் போடலாம்னு...”

“உதவின்னா? நாற்காலி எடுத்துப் போட்டவளா?”

“அப்படி இல்லக்கா.”

“போட்டாதான். அதையும் அவதான் எடுத்துப் போட்டா.”

அப்படியானால் விதியைக் கொஞ்சம் தளர்த்தி எட்டாவது பெயராகவே சேர்க்கலாமா, நானே கமிட்டியில் பேசுகிறேன் என்று சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுஷர். பெரியவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அவ பேருக்காக அவ விதியையே முறிக்கிறதா? உசுரோட இருந்தா உங்களையும் என்னையும் சேத்து வெளியே போகச் சொல்லிருப்பா. காகிதம் இருந்தா போடுங்க. இல்லேன்னா அவ பேரு கல்லுல எங்கேயும் வேண்டாம்.” பிறகு, “சட்டையைக் கழட்டுங்க. பொத்தான் விழப்போகுது” என்றாள்.

அவர் சட்டையில்லாமல் முக்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் பொத்தானை நான்கு சுற்று சுற்றித் தைத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு கால்சட்டை மடிப்பை முடித்தாள். தான் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. அந்தச் சரியினால் தங்கையின் பெயர் எங்கேயும் இருக்காது என்பதும் தெரிந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் நடக்கிற விஷயம் போலக் கேட்டன.

அந்த முதல் கூட்டம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. 1960 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஏழு பேரையும் சின்னவள் தனித்தனியாகப் பார்த்துப் பேசியிருந்தாள். சங்கம் என்பது தன் மூளையில் உதித்தது என்று ஒவ்வொருவரும் நம்பும்படி பேசினாள். டாக்டர் அப்படித்தான் நம்பினார், அச்சகக்காரர் அப்படித்தான் நம்பினார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாகும்வரைக்கும் அந்த யோசனை தனக்குக் குளிக்கும்போது வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தன்று சின்னவள் நாற்காலி போட்டு, தேநீர் ஊற்றி, நடந்ததை எழுதி, புத்தகத்தை மேஜையில் சுற்றுக்கு விட்டாள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் மை ஒற்றி மூடிவிட்டாள்.

நீ ஏன் போடவில்லை என்று பெரியவள் அன்றைக்கே கேட்டாள். எழுதியவளே கையெழுத்தும் போட்டால் தனக்குத் தானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றாள் சின்னவள். சொல்லிவிட்டுக் கழுவ வேண்டிய டம்ளர்களை எண்ணப் போனாள். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை பெரியவள் மூன்று சட்டைக்குக் காலர் வைத்தாள். சர்வேயர் சொன்னது எதையும் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக் கதவுத்திரை ஒன்று வந்திருந்தது. நீள மடிப்பு, நேர்க்கோடு, கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். மெஷின் வழக்கம்போல இடது பக்கம் லேசாக ஆடியது. அவள் மிதித்துக்கொண்டே போனாள். திரையின் மறுமுனை வந்து ஊசி வெளியேறியபோதுதான் பார்த்தாள், நூல் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. நான்கு முழத்துக்கு ஒரு தையலும் இல்லை. வெறும் துளை. சீராக, வரிசையாக, கடுகு கடுகாக.

ஐம்பது வருஷத்துக்கு மேலான தொழிலில் அவள் இப்படிச் செய்ததில்லை. திரையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். துளைகள் வழியாக வெளிச்சம் வந்தது. நூலில்லாமல் இதே மாதிரி வரிசையாகத் துளை போட்டு அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள். அது துணியில் அல்ல.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம். கையில் கட்டோடு கடைக்கு வந்தாள், கக்கத்தில் ஒரு நோட்டு. காகிதம் கொடுக்கிறவர்களுக்கு ரசீது கொடுக்க வேண்டும். அச்சகத்தில் கேட்டால் யார் சொல்லி, எதற்கு என்று நூறு கேள்வி கேட்பார்கள். நீ நூலை எடுத்துவிட்டு வெறும் ஊசியால் ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடு, கிழிக்க வாகாக இருக்கும் என்றாள். காகிதம் தைத்தால் ஊசி மழுங்கும் என்று பெரியவள் திட்டினாள். திட்டிக்கொண்டே ஓட்டினாள். முதல் தாளில் மட்டும், கோடு எங்கே வரவேண்டும் என்று புரியாமல், நடுவிலும் ஒரு வரிசை, தைத்த ஓரத்தை ஒட்டி இன்னொரு வரிசை என்று இரண்டு ஓட்டிவிட்டாள். இரண்டாம் தாளில் இருந்து சரியாக வந்தது.

முதல் ரசீதுக்கு முதல் பொருளையும் சின்னவள் அங்கேயே பார்த்து வைத்திருந்தாள். அப்பா பாலத்தடியில் ஆற்றின் நீர்மட்டம் குறிக்கும் வேலை பார்த்தவர். தூணில் தீட்டியிருந்த எண்ணைக் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதுவார். ஆபீசுக்கு ஒரு பிரதி, தனக்கு ஒரு பிரதி. பத்தொன்பது வருஷத்துக்குப் பத்தொன்பது நோட்டு. பதினெட்டு பெட்டியில் கிடந்தன. ஒன்று, மெஷினின் குட்டைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தது.

“மெஷின் ஆடும்டி” என்றாள் பெரியவள்.

“ஆடட்டும். இந்த ஊரு ஆத்துல எந்த வருஷம் எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு சொல்ல ஊருக்குள்ள இது ஒண்ணுதான் இருக்கு. நீ அது மேல ஏறி மிதிச்சுக்கிட்டு இருக்கே.”

சின்னவள் குனிந்து உருவி எடுத்தாள். பிறகு வெட்டும் பலகையில் ரசீதுப் புத்தகத்தை வைத்து எழுதினாள். அடிக்கட்டையில் ஒரு தடவை, மேல் பாதியில் ஒரு தடவை. சம்பளப் பட்டியலானாலும் நூலகப் புத்தகமானாலும் அதுவரை அவள் பெயரின் முதலெழுத்தைச் சுழித்து ஒரு கோடு இழுப்பாள், அவ்வளவுதான் அவளுடைய ஒப்பம். முழுப் பெயரை எங்கேயும் போட்டதில்லை. அன்றைக்குப் போடவேண்டும் என்றாள். முழங்கை மடங்கவில்லை. துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, ஒரு கறுப்பு உள்துணியில் ஆறேழு தடவை எழுதிப் பழகினாள். அப்புறம் பேனாவை எடுத்தாள்.

பெரியவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். “ஊர் வரலாற்றுச் சங்கத்துக்காகன்னு போட்டிருக்கே. எந்தச் சங்கம்? யாரு யாரு இருக்கீங்க?”

“இப்போதைக்கு நான்தான்.”

“ஒத்தை ஆளு சங்கமா?”

“நோட்டு குடுத்துட்டியே, நீயும் சேந்தாச்சு. வாயை மூடிக்கிட்டு ரசீதை வாங்கிக்க.”

இழுத்துக் கிழித்தாள். ஓரத்துத் துளை வரிசை முதலில் விட்டுக்கொடுத்தது. அடிக்கட்டையும் சேர்ந்து முழுத் தாளாகக் கையோடு வந்துவிட்டது. சின்னவள் அதைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். ரெண்டு பாதியையும் நீயே வச்சுக்க, நீ தைச்ச லட்சணத்துக்கு என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் பதினான்கு மாதம் அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கள் வீட்டுக் குப்பை உனக்கு எதற்கு என்றார்கள் சிலர். இன்றைக்குக் காகிதம் கேட்பாய், நாளைக்கு நிலம் கேட்பாய் என்று கதவைச் சாத்தினார்கள் சிலர். ஒருத்தரும் ஒரு தாள் கொடுக்கவில்லை. பெயர் சொன்னால் ஊர் மரியாதை கொடுக்கிற ஏழு பேர் வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது அப்படித்தான்.

பெரியவள் திரையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். அளவு நோட்டுகள் சுவரோரம் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. எந்தக் காகிதத்தையும் அவள் தூக்கிப் போட்டதில்லை. எந்த நாளைச் சேர்ந்ததோ அந்த நாளின் பக்கத்தில் செருகி வைப்பாள். இந்த மூன்று மாதமாக அந்த அடுக்கின் பக்கம் போகவில்லை. அதில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது தங்கையின் அளவு இருக்கும், ஐம்பது வருஷத்துக்கும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்து நோட்டை உருவினாள். ஆகஸ்டு மாதம். தன் கையெழுத்து: தங்கை, வேலைக்குச் சட்டை இரண்டு. தோள் பதினாலு. வலது முழங்கை வீக்கம், கை அரை அங்குலம் தளர. பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நான்காக மடித்த தாள். பிரிக்காமல் அதைக் கைப்பையில் வைத்தாள். கடையைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

புதுக் கட்டடத்தில் சுண்ணாம்பு வாசனை அடித்தது. சர்வேயர் தரையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே தாளை நீட்டினாள்.

அவர் ஜன்னலடிக்குப் போய்ப் பிரித்துப் படித்தார். பெற்றுக்கொண்டது, ஆற்று நீர்மட்டக் குறிப்பு நோட்டுகள், பத்தொன்பது. ஒன்றின் அட்டையில் மெஷின் எண்ணெய்க் கறையும் மெஷின் காலின் பள்ளமும். கொடுத்தவர், தையற்காரர், என் அக்கா. ஊர் வரலாற்றுச் சங்கத்துக்காக. அதன் கீழே முழுப் பெயர். அதன் கீழே தேதி. அடிக்கட்டையிலும் அதேதான், எழுத்துக்கு எழுத்து.

அவர் தாளோடு உள்ளே போனார். பூட்டிய அலமாரியிலிருந்து முதல் ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்தார். இரண்டாம் எண்ணுக்கு முன்னால், தைத்த ஓரத்தில், விரல்நகம் அகலத்துக்கு ஒரு கிழிசல் நின்றிருந்தது. யாரும் கவனிக்காத துண்டு. நிலம் அளந்த கை. தாளின் கிழிந்த ஓரத்தை மெதுவாக அதோடு ஒட்டி வைத்து, லென்ஸைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டு போனார். பாதித் துளை பாதித் துளையோடு சேர்ந்தது. ஒரு இடத்தில் கோடு லேசாக வளைந்திருந்தது. இந்தப் பக்கமும் வளைந்திருந்தது.

“இங்க ஏன் வளைஞ்சிருக்கு?”

“அவ அப்ப கட்டில்லாத முழங்கையால இடிச்சா. சீக்கிரம் ஓட்டுன்னு.”

சர்வேயர் லென்ஸை மூடினார். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணினார். “பதினாலு மாசம், பத்தொம்பது நாள் முந்தியதுக்கா. ஏழு பேரும் உட்காருறதுக்கு முன்னாலயே சங்கம் இருந்திருக்கு. அதுக்குக் கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. அவங்க விதிப்படியே இருக்கு.” அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கைக்குட்டையைத் தேடினார்.

பெரியவள் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தது.

எட்டாவது இல்லை, முதல் என்றார் அவர். ஏழு பேருக்கும் மேலே, தனியாக ஒரு வரி. அவர்களுக்குக் கூட்டம் நடந்த தேதி, இவளுக்கு இந்தத் தேதி. கமிட்டியில் யாராவது வாய் திறந்தால் தாளைக் காட்டுகிறேன் என்றார். அவள் தலையாட்டினாள். சந்தோஷமா என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றாள். அது உண்மை. கால் மரத்துக் கிடந்து, முதல் ஊசி குத்துமே, அந்த மாதிரி எங்கோ ஒன்று குத்தியது. எந்த இடம் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வெட்டப்போகிறவர், அளவு பார்க்க அன்றைக்கே வந்து, வாசலில் கல்லை அளந்துகொண்டிருந்தார். அவர் வாய்ச்சொல்லை நம்பமாட்டாராம்; ஒரு தடவை ஒருத்தர் சொன்ன வருஷத்தை வெட்டி, ஒரு கல்லே வீணாகிப் போனதாம். பெயர் வேண்டும், தேதி வேண்டும், இரண்டும் காகிதத்தில் வேண்டும் என்றார். சின்னவளுக்கு இவரைப் பிடித்திருக்கும்.

சர்வேயர் பேனாவை எடுத்தார். பெரியவள் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். தங்கையின் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். ரசீதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தையும் ஒத்துப் பார்த்தாள். பிறகு அதன் கீழே, சின்னவள் தன் முழுப் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாளை எழுதினாள்.

1959 ஆகஸ்டு 18, செவ்வாய்க்கிழமை.